சொற்களில் தெரியும் காலம்

நுழையும்முன்

புதிய பொருளொன்று வாழ்வுக்குள் வரும்போது அதற்குப் பெயர் தேவைப்படுகிறது. பழக்கம் மாறும்போது அதைக் குறித்த சொல்லின் பொருளும் மாறுகிறது. ஆகவே, புதுச்சொற்களையும் பொருள் மாறிய சொற்களையும் உற்றுநோக்கினால் மக்கள் வாழ்ந்த காலத்தை அறியலாம். கன்னியாகுமரி மாவட்ட மக்களின் பேச்சில் வழங்கும் சொற்களைச் சான்றாகக் கொண்டு இவ்வுண்மையை இப்பாடம் விளக்குகிறது.

நாஞ்சில் என்பது கலப்பையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களை உள்ளடக்கிய நெல்வயற்பகுதி நாஞ்சில் நாடு எனப் பெயர் பெற்றுள்ளது. இப்பெயர் பழமையானது, நாஞ்சில் வள்ளுவன் என்னும் தலைவனைப் பற்றிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. இன்று அவ்வயல்களில் டிராக்டர் உழுகிறது. அறுவடை எந்திரம் அறுக்கிறது. மரக்கலப்பையை நேரில் காணாத தலைமுறை அங்கே வளர்ந்து வருகிறது. வயலைவிட்டு நீங்கிய கலப்பை, ஊர்ப்பெயரில் மட்டும் தங்கியிருக்கிறது.

அவ்வயல்களில் விளையும் இருபோகங்களுக்கும் கன்னிப்பூ, கும்பப்பூ என்று பெயர். இங்குப் ‘பூ’ என்பது மலரைக் குறிக்கவில்லை, விளைச்சலைக் குறிக்கிறது. கன்னி, கும்பம் ஆகியவை கொல்லம் ஆண்டின் மாதப்பெயர்கள். அவை முறையே புரட்டாசியையும் மாசியையும் ஒத்தவை. அறுவடைக்காலத்தைக் கொண்டு அமைந்த பெயர்கள் இவை. திருவிதாங்கூர் ஆட்சியின்கீழ் இருந்த தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அலுவலகங்களில் நாட்காட்டி மாறியது. ஆனால், நெல்லின் பெயரில் பழைய மாதம் அப்படியே நிற்கிறது. எல்லைகள் ஒரே நாளில் மாறலாம். சொற்கள் தமக்குரிய வேகத்தில்தான் மாறுகின்றன.

இலக்கணம் ஏற்ற மாற்றம்

சொற்கள் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதையும் காலத்துக்குக் காலம் மாறும் என்பதையும் தமிழ் இலக்கண நூலார் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியர் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். அவற்றுள் திசைச்சொல்லுக்கு எடுத்துக்காட்டுத் தந்த உரையாசிரியர்கள், குட்டநாட்டார் தாயைத் ‘தள்ளை’ என வழங்குவதைச் சுட்டினர். அச்சொல் குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. குஞ்சுகளோடு திரியும் கோழியைத் தள்ளைக்கோழி என்கின்றனர். ஆயினும், மனிதரைக் குறித்து அதே சொல்லைப் பயன்படுத்தினால் அது மதிப்புக் குறைவாகக் கருதப்படுகிறது. உரையாசிரியர் காலத்தில் இயல்பாக வழங்கிய சொல், மனிதரிடமிருந்து விலகிப் பறவையிடம் சென்று சேர்ந்திருக்கிறது.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், காலப்போக்கில் பழஞ்சொற்கள் வழக்கொழிவதையும் புதுச்சொற்கள் வந்து சேர்வதையும் குற்றமாகக் கருதவில்லை. மாற்றத்தை ஏற்றுக்கொண்டே மொழிக்கு வரம்பு வகுத்த மரபு நம்முடையது.

பொருள் மாறும் வழிகள்

சொல்லின் பொருள் பெரும்பாலும் நான்கு வழிகளில் மாறுகிறது.

முதலாவது, பொருள் விரிதல். எள்ளிலிருந்து எடுத்த நெய்யே முதலில் எண்ணெய் எனப்பட்டது. இன்று தேங்காயெண்ணெய், கடலையெண்ணெய், மண்ணெண்ணெய் எனப் பல பொருள்களுக்கும் அது பொதுப்பெயர். மண்ணெண்ணெயில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை.

இரண்டாவது, பொருள் சுருங்குதல். பொன் என்னும் சொல் முன்னர்ப் பொதுவாக உலோகத்தையும் குறித்தது. இரும்பைக் கரும்பொன் என வழங்கியதும் உண்டு. இன்று அது தங்கத்தை மட்டுமே குறிக்கிறது.

மூன்றாவது, பொருள் இழிதல். நாற்றம் என்பது முன்னர் நறுமணத்துக்கும் உரிய சொல்லாக இருந்தது. இன்று அச்சொல்லைக் கேட்டதும் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

நான்காவது, பொருள் உயர்தல். திருக்குறளின் சூது அதிகாரத்தில் சூதாடும் இடத்தைக் குறித்த ‘கழகம்’ என்னும் சொல், இன்று பல்கலைக்கழகத்துக்கும் அரசியல் இயக்கங்களுக்கும் பெயராகிறது.

இந்நான்கிலும் அடங்காத இடப்பெயர்ச்சியும் உண்டு. ‘கச்சேரி’ முன்னர் அரசு அலுவலகத்தைக் குறித்தது. திருவிதாங்கூரில் அரசின் தலைமை அலுவலகத்துக்கு அசூர் கச்சேரி என்று பெயர். இன்று கச்சேரி என்றால் இசையரங்கமே நினைவுக்கு வருகிறது. இம்மாற்றங்கள் ஒவ்வொன்றின் பின்னும் மக்களின் வாழ்க்கை மாற்றம் ஒன்று இருக்கிறது. அதனைக் குமரிமண்ணின் சமையலறையிலிருந்தே காணலாம்.

அடுக்களையில் ஒரு வரலாறு

பழந்தமிழில் ‘கறி’ என்பது மிளகைக் குறித்தது. மேற்குத்தொடர்ச்சி மலையில் விளைந்த அக்கறியைத் தேடி யவனர் கப்பல்கள் மேற்குக் கடற்கரைக்கு வந்தன. பின்னர் அச்சொல் காரம் சேர்த்துச் சமைத்த உணவைக் குறிக்கத் தொடங்கியது. தமிழகத்தின் பல பகுதிகளில் ‘கறி’ என்றால் இன்று இறைச்சி. குமரி மாவட்டத்திலோ மீன்கறி, புளிக்கறி என அது குழம்பையும் தொடுகறியையும் குறிக்கிறது. ஒரே சொல்லைக் கேட்டு இருவேறு ஊரார் இருவேறு உணவை எதிர்பார்க்கும் நிலை இதனால் உண்டாகிறது.

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தபின், போர்ச்சுகீசியர் வழியாகத் தென்னமெரிக்கப் பயிர்கள் இங்கு வந்தன. காரச்சுவையுடைய புதிய காயொன்றைக் கண்ட மக்கள், தாம் அறிந்த மிளகின் பெயரோடு காய் என்பதைச் சேர்த்து மிளகாய் என்றனர். நாளடைவில் அடுக்களையில் மிளகாயின் ஆட்சி பெருகியது. பேச்சில் இரண்டின் பெயரும் நெருங்கி ஒலித்ததால், பழைய மிளகைப் பிரித்துக்காட்ட வேண்டியதாயிற்று. அதனால் குமரியிலும் நெல்லையிலும் அது ‘நல்லமிளகு’ ஆயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அடைமொழி இன்றி வாழ்ந்த மிளகு, பின்னால் வந்த ஒரு காயினால் ‘நல்ல’ என்னும் அடையைப் பெற்றது.

புதியது வரும்போது அதற்கு மட்டுமே பெயர் தேவைப்படும் என எண்ணுகிறோம். உண்மையில் பழையதற்கும் புதுப்பெயர் தேவைப்படுகிறது. பண்ணைக்கோழி வந்தபின்னரே வீட்டுக்கோழி ‘நாட்டுக்கோழி’ ஆயிற்று. தொடுதிரைப்பேசி வந்தபின்னரே பழைய கைப்பேசி ‘பட்டன் போன்’ ஆயிற்று. இணையவழி வகுப்பு வந்தபின்னரே வகுப்பறையில் நடப்பதற்கு ‘நேரடி வகுப்பு’ என்று பெயரிட்டோம். நேற்றுவரை தனிச்சொல்லாக நின்ற ஒன்று இன்று அடைமொழி பெற்றிருந்தால், அதற்குப் போட்டியாக ஏதோ ஒன்று வந்துவிட்டது என்று அறியலாம்.

பிறபகுதிகளில் மரவள்ளிக்கிழங்கு எனப்படும் கிழங்கைக் குமரி மக்கள் ‘மரச்சீனி’ என்கின்றனர். இதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப்போரின்போது 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அந்நாளில் திருவிதாங்கூர் ஏழைகளின் பசியைப் பெரிதும் தணித்தது இக்கிழங்கு. இன்று மரச்சீனியும் மீன்கறியும் விருந்தினருக்குப் பெருமையோடு பரிமாறும் உணவு. சொல் மாறவில்லை, அச்சொல்லைச் சொல்லும் குரல் மாறியிருக்கிறது. வறுமையின் அடையாளம் ஊரின் அடையாளமாக உயர்ந்துள்ளது.

தெரிந்து தெளிவோம்: இங்கிருந்து சென்ற சொற்கள்

* சக்கை: குமரியிலும் கேரளத்திலும் பலாவைக் குறிக்கும் இச்சொல் போர்ச்சுகீசிய மொழியில் ‘ஜாக்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஜாக்’ ஆயிற்று. தமிழகத்தின் பிற பகுதிகளில் சக்கை என்பது சாறு பிழிந்தபின் எஞ்சுவது.
* கட்டுமரம்: மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆகி, இன்று இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது.
* மிளகுத்தண்ணீர்: ஆங்கிலத்தில் ‘மல்லிகடானி’ என்னும் சூப்பின் பெயராயிற்று.

உழைப்பு ஈன்ற சொற்கள்

புதுச்சொற்களை அறிஞர்கள் மட்டுமே ஆக்குவதில்லை. உழைப்பவர்கள் நாள்தோறும் ஆக்குகின்றனர். குமரி மாவட்டத்தில் முந்திரிக்கொட்டையை ‘அண்டி’ என்பர். அதனை வறுத்து, உடைத்து, தோலுரித்து, தரம்பிரிக்கும் தொழிற்கூடத்துக்கு ‘அண்டியாபீஸ்’ என்று பெயர். அங்குப் பணிபுரிவோரில் மிகப்பெரும்பாலோர் பெண்கள். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையைப் புண்ணாக்கும். விரல்களைக் கறுக்கச் செய்யும். ஆங்கிலத்தில் மேசையும் நாற்காலியும் எழுத்துப்பணியும் உள்ள இடத்தையே ஆபீஸ் என்பர். அச்சொல் குமரிக்கு வந்து, கொட்டை உடைக்கும் பெண்களின் பணியிடத்துக்கு உரியதாயிற்று. “ஆபீசுக்குப் போறேன்” என்று தூக்குவாளியோடு விடியலில் புறப்பட்ட தாய்மாரின் ஊதியத்தில் படித்து, வேறு வகை ஆபீசுகளுக்குச் சென்ற பிள்ளைகள் அம்மாவட்டத்தில் பலர்.

ரப்பர்த் தோட்டங்களுக்கும் அவற்றுக்கே உரிய சொற்கள் உண்டு. மரப்பட்டையைக் கீறி வடியச்செய்யும் வெண்ணிற நீர் ‘பால்’. அக்கீறும் தொழில் ‘பால்வெட்டு’. கிண்ணத்திலும் பட்டையிலும் ஒட்டி உலர்ந்தது ‘ஒட்டுபால்’. ரப்பர் என்னும் பயிர் அயலிலிருந்து வந்தது. அதன் தொழிற்சொற்களோ தமிழ் வேர்களில் முளைத்தன. எவரும் குழு அமைத்து இவற்றை ஆக்கவில்லை. கையில் கத்தியோடு விடியுமுன் மரத்தடியில் நின்றவர்களே ஆக்கினர்.

உறவு மாறினால் சொல்லும் மாறும்

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே முன்னர் மருமக்கள்வழிச் சொத்துரிமை வழங்கியது. அம்முறையில் குடும்பச் சொத்து தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாது. தாய்மாமனிடமிருந்து அவர் உடன்பிறந்தாளின் மகனுக்குச் செல்லும். குடும்பத் தலைவர் ‘காரணவர்’ எனப்பட்டார். ‘மருமகன்’ என்றதும் உரிமையுடைய வாரிசு நினைவுக்கு வந்த காலம் அது. அம்முறையால் மனைவியும் மக்களும் அடைந்த துன்பங்களைத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்னும் நூலில் நகைச்சுவையோடு பாடினார். பின்னர்ச் சட்டத்தின் வழியாக அம்முறை முடிவுக்கு வந்தது. இன்று ‘மருமகன்’ என்றால் பெரும்பாலும் மகளின் கணவர்தாம் நினைவுக்கு வருகிறார். ‘காரணவர்’ என்னும் சொல்லோ பழைய ஆவணங்களிலும் முதியோர் பேச்சிலும் மட்டும் தென்படுகிறது. ஒரு சட்டம் சொத்தின் போக்கை மாற்றியது. அதனோடு சொல்லின் போக்கும் மாறிற்று.

கடல் எழுதிய சொற்கள்

சில சொற்கள் நூற்றாண்டுக்கணக்கில் மெல்ல நுழைகின்றன. ஒரே காலைப்பொழுதில் வந்த சொல்லும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாளுக்கு முன்னர்ச் ‘சுனாமி’ என்னும் சொல்லை அறிந்திருந்த தமிழர் மிகச் சிலரே. ஜப்பானிய மொழியில் ‘சு’ என்பது துறைமுகம். ‘நாமி’ என்பது அலை. அன்று குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய கடற்கரை ஊர்களில் கடல் புகுந்தது. அன்று மாலைக்குள் எழுதப்படிக்கத் தெரியாதவரும் அச்சொல்லைச் சொல்லத் தொடங்கியிருந்தனர். ‘கடல்கோள்’ என்னும் பழஞ்சொல் நம்மிடம் இருந்தது. ‘ஆழிப்பேரலை’ என்னும் சொல்லும் எழுத்தில் வழங்கியது. எனினும், துயரம் எச்சொல்லோடு வந்ததோ அச்சொல்லே மக்களின் நாவில் நிலைத்தது. பின்னர்க் கட்டப்பட்ட வீடுகளின் தொகுதிக்குச் சுனாமி குடியிருப்பு என்பதே பேச்சு வழக்கிலான பெயராயிற்று. அழிவின் பெயரே முகவரியாகவும் ஆயிற்று.

2017 நவம்பர் இறுதியில் வந்த புயல், ‘ஒக்கி’ என்னும் சொல்லைத் தந்தது. வங்கதேசம் சூட்டிய இப்பெயருக்கு வங்கமொழியில் கண் என்பது பொருள். ஆழ்கடலில் இருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர் பலர் கரை திரும்பவில்லை. ரப்பரும் வாழையும் வேரோடு சாய்ந்தன. அதன்பின் அம்மக்களுக்கு ‘ஒக்கி’ என்பது புயலின் பெயராக மட்டும் நிற்கவில்லை. காலத்தை அளக்கும் சொல்லாகவும் ஆயிற்று. ‘ஒக்கிக்கு முந்தி’, ‘ஒக்கிக்குப் பிறகு’ என்று நாட்களைப் பிரித்துப் பேசுவதில் ஓர் ஊரின் இழப்பு பதிவாகியிருக்கிறது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. தேர்தல் வெற்றியையும் விளையாட்டு வெற்றியையும் ‘சுனாமி அலை’ எனப் புகழும் வழக்கம் செய்திகளில் உள்ளது. மொழியியல் நோக்கில் இது பொருள் விரிதலே. எனினும், அந்த அலையில் தம் உறவினரை இழந்தவர் அத்தொடரைப் படிக்கும்போது அது எப்படி ஒலிக்கும்? ஒரே சொல் ஒருவருக்கு உவமை, இன்னொருவருக்கு நினைவு. சொல்லைப் புதிய பொருளில் ஆள்வோர் அதன் பழைய எடையையும் அறிந்திருத்தல் நன்று.

தொற்றும் இணையமும்

‘ஊரடங்கு’ என்பது முன்னர் இரவில் ஊர் உறங்கி ஓசை ஒடுங்குதலைக் குறித்தது. பின்னர்க் கலவரக் காலங்களில் அரசு பிறப்பிக்கும் ஆணைக்குப் பெயராயிற்று. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த முடக்கத்தைக் குறித்தபோது, அச்சொல்லின் எல்லை ஊரைத் தாண்டி நாடளவுக்கு விரிந்தது. அதே காலத்தில் ‘பாசிட்டிவ்’ என்னும் நற்சொல் அஞ்சத்தக்கதாகவும், ‘நெகட்டிவ்’ என்பது ஆறுதல் தருவதாகவும் தலைகீழாயின. காய்ச்சலோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ‘வைரல்’ என்பது, இணையத்தில் விரைந்து பரவும் காட்சிக்குப் பெருமைப்பெயராக ஏற்கெனவே மாறியிருந்தது. நோய்த்தொற்று வந்ததும் அதன் பழைய பொருள் மீண்டும் நினைவுக்கு வந்தது.

இணையம் பழைய தமிழ்ச்சொற்களுக்குப் புதுவாழ்வு தந்துள்ளது. கலிப்பாவின் முதலுறுப்பாகிய ‘தரவு’, இன்று கணினியில் சேமிக்கும் தகவல் தொகுதியைக் குறிக்கிறது. யாப்பிலக்கணம் கற்ற மாணவருக்கும் கணினி கற்ற மாணவருக்கும் அச்சொல் வெவ்வேறு கதவுகளைத் திறக்கிறது. சமுதாயத்தில் ஒருவரின் தகுதியைக் குறித்த ‘ஸ்டேட்டஸ்’, இருபத்து நான்கு மணிநேரத்தில் மறையும் படமாகிவிட்டது. நேரில் ஒருமுறையும் காணாதவர் ‘நண்பர்’ ஆகிறார்.

‘பகிர்தல்’ என்னும் சொல்லின் மாற்றம் இவற்றினும் ஆழமானது. உள்ளதைப் பங்கிட்டுக் கொடுத்தலே பகிர்தல். ஒரு பிடி சோற்றைப் பகிர்ந்தால் கொடுப்பவருக்குக் குறைகிறது. அந்தக் குறைவில்தான் அன்பு இருக்கிறது. செய்தியைப் பகிரும்போது கொடுப்பவருக்கு எதுவும் குறைவதில்லை. இழப்பின்றிக் கொடுக்க முடிவதனால் ஆராயாமல் கொடுக்கிறோம். பொய்ச்செய்தியும் அவ்வழியே பரவுகிறது. சொல்லின் பழைய பொருளை நினைவில் கொண்டால், கொடுக்கும் முன்னர் ஒருகணம் நிற்கத் தோன்றும்.

இளைஞர் பேச்சும் இவ்வாய்வுக்கு உரியதே. சலிப்பூட்டும் பேச்சை முன்னர் ‘அறுவை’ என்றனர். பின்னர்ப் ‘பிளேடு’ என்றனர். அதன்பின் ‘மொக்கை’ என்றனர். கூர்மழுங்கிய கத்தியைக் குறிக்கும் சொல் மொக்கை. மூன்று சொற்களிலும் அறுக்கும் கருவி என்னும் ஒரே உவமை ஊடாடுகிறது. தலைமுறைகள் தமக்கெனத் தனிச்சொல் வேண்டும் என விரும்புகின்றன. ஆனால், அறியாமலே முந்திய தலைமுறையின் உவமையைத் தொடர்கின்றன. இச்சொற்களுள் பல விரைவில் மறையும். சில அகராதியில் இடம்பெறும். எது நிலைக்கும் என்பதைப் பயன்பாடே முடிவு செய்யும்.

ஆண்டின் சொல்

ஒரு காலத்தைச் சொல்லால் அறியும் முயற்சி உலகெங்கும் நடைபெறுகிறது. ஜெர்மனியில் 1971இல் முதன்முதலாக ஆண்டின் சொல் தெரிவு செய்யப்பட்டது. ஆக்ஸ்போர்டு அகராதியினர் 2013இல் ‘செல்பி’ என்னும் சொல்லைத் தெரிவு செய்தனர். கோலின்ஸ் அகராதி 2020இல் பொதுமுடக்கத்தைக் குறிக்கும் ‘லாக்டவுன்’ என்னும் சொல்லைத் தேர்ந்தது. 2024இல் ஆக்ஸ்போர்டு தெரிவு செய்த ‘பிரெய்ன் ராட்’ என்பதை மூளை மழுங்கல் எனலாம். பயனற்ற இணையக் காட்சிகளை ஓயாது பார்ப்பதால் உண்டாவதாகக் கருதப்படும் அறிவு மழுங்கலை அது குறிக்கிறது. தன் முகத்தைத் தானே படமெடுத்து மகிழ்ந்த உலகம், பதினோர் ஆண்டுகளில் தன் மூளையை எண்ணிக் கவலைகொள்ளத் தொடங்கியதை இத்தெரிவுகள் காட்டுகின்றன.

மதிப்பைத் தரும் சொல்

சில மாற்றங்கள் தாமாக நிகழ்கின்றன. சிலவற்றை நாம் விரும்பி நிகழ்த்துகிறோம். உடற்குறையை முன்னிறுத்திய பழைய சொற்களை விலக்கி ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல்லை ஏற்றோம். ஏளனமாக அழைக்கப்பட்டவர்களைத் ‘திருநங்கை’ என மதிப்போடு அழைக்கத் தொடங்கினோம். 2008இல் தமிழ்நாடு அரசு அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. சொல் மாறிய உடனே வாழ்க்கை மாறிவிடுவதில்லை. எனினும், இழிசொல் நீங்காத இடத்தில் உரிமை நுழைவதும் அரிது.

இவ்வுண்மை வட்டாரச் சொற்களுக்கும் பொருந்தும். குமரியிலிருந்து வெளியூர்க் கல்லூரிக்குச் செல்லும் மாணவர், நினைவை ‘ஓர்மை’ என்றோ தேநீரைச் ‘சாயா’ என்றோ கைலியைச் ‘சாரம்’ என்றோ சொன்னால் சிரிப்பொலி எழுவதுண்டு. சிரிப்புக்கு அஞ்சி அவர் அச்சொற்களை விடுதிக்கு வெளியே விட்டுவிடுகிறார். ஓர்தல் என்பது எண்ணுதல், ஆராய்தல் என்னும் பொருளுடைய பழந்தமிழ்ச் சொல்; ‘ஓர்மை’யில் அச்சொல்லே வாழ்கிறது. ஏளனத்துக்கு உள்ளான சொல் இலக்கியத்தில் ஆட்சி பெற்றதாக இருக்கலாம். இதனை உணர்ந்தே நாஞ்சில் நாடன், தோப்பில் முகமது மீரான், ஹெப்சிபா ஜேசுதாசன் முதலிய படைப்பாளர்கள் வயலின் மொழியையும் கடற்கரையின் மொழியையும் பனங்காட்டின் மொழியையும் தம் கதைகளில் பதிவு செய்தனர். அம்மொழிகளுக்கு உரிய தொழில்கள் குறைந்தபோதும் சொற்கள் நூல்களில் எஞ்சியுள்ளன.

பொதுமேடையில் பொதுமொழி வேண்டும். தேர்விலும் அலுவலகத்திலும் எழுத்துத்தமிழ் வேண்டும். அதற்காக வீட்டுமொழியைப் பிழை எனக் கருத வேண்டியதில்லை. புதுச்சொல்லைக் கண்டு அஞ்சவும் வேண்டா. பழஞ்சொல்லைக் கண்டு நாணவும் வேண்டா. புதுச்சொல் வரும்போது அது எதனைச் சுமந்து வருகிறது என்று பார்ப்போம். பழஞ்சொல் போகும்போது அதனோடு யாருடைய உழைப்பும் நினைவும் போகின்றன என்று கேட்போம். பாட்டியிடம் ஒரு சொல்லைக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதும் மாணவர், எழுதப்படாத ஒரு வரலாற்றின் முதல் வரியை எழுதுகிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு முதியோரிடம் பேசி, இன்று வழக்கில் இல்லாத பத்துத் தொழிற்சொற்களைத் திரட்டி, பொருளோடு பட்டியலிடுக.
2. புதிய பொருளின் வருகையால் அடைமொழி பெற்ற பழைய பொருள்கள் ஐந்தின் பெயர்களைக் கண்டறிந்து எழுதுக. (எ.கா. நல்லமிளகு, நாட்டுக்கோழி)
3. இவ்வாண்டுக்கு உரிய தமிழ்ச்சொல் ஒன்றை வகுப்பில் கலந்துரையாடித் தெரிவு செய்க. தெரிவுக்கான காரணங்களை ஒரு பக்க அளவில் எழுதுக.
4. ஒரே பொருளுக்கு வெவ்வேறு மாவட்டங்களில் வழங்கும் பெயர்களைத் தொகுத்து வகுப்பறைச் சுவரிதழ் உருவாக்குக.

மதிப்பீடு

*பலவுள் தெரிக*

1. ‘கும்பப்பூ’ என்னும் சொல்லில் ‘பூ’ என்பதன் பொருள்
அ) மலர் ஆ) விளைச்சல் இ) மாதம் ஈ) வயல்

2. ‘எண்ணெய்’ என்னும் சொல்லில் நிகழ்ந்துள்ள மாற்றம்
அ) பொருள் சுருங்குதல் ஆ) பொருள் இழிதல் இ) பொருள் விரிதல் ஈ) பொருள் உயர்தல்

*குறுவினா*

1. மிளகு ‘நல்லமிளகு’ ஆனதற்குக் காரணம் யாது?
2. ‘தரவு’ என்னும் சொல்லின் பழைய பொருளையும் புதிய பொருளையும் குறிப்பிடுக.
3. ‘அறுவை’, ‘பிளேடு’, ‘மொக்கை’ ஆகிய சொற்களுக்கு இடையிலான ஒற்றுமை யாது?

*சிறுவினா*

1. சொத்துரிமை முறையின் மாற்றம் ‘மருமகன்’ என்னும் சொல்லில் எவ்வாறு எதிரொலித்தது?
2. ‘பகிர்தல்’ என்னும் சொல்லின் பொருள் மாற்றம் உணர்த்தும் கடமையை விளக்குக.

*நெடுவினா*

ஒரு நிலப்பகுதியின் சொற்கள் அதன் வாழ்க்கை வரலாறாகவும் விளங்குகின்றன என்பதைக் குமரி மாவட்டச் சொற்களைச் சான்றாகக் கொண்டு நிறுவுக.